கவனிக்கத்தக்கது

அத்தியாயம் 14

படகு மேடை ஆற்றுக்குள் சரிந்து இன்றோடு ஐந்தாவது நாள். ஒன்பது பேரையும் அடக்கம் செய்தாகிவிட்டது. அவர்களைச் சாகவிட்டது யார் என்ற கேள்வியைத்தான் இன்னும் அடக்கம் செய்ய முடியவில்லை. அதற்கான ஏற்பாடுகள் திங்கட்கிழமை காலையிலிருந்தே மும்முரமாக நடந்துகொண்டிருந்தன.

போன வாரம் ஒருவரியாரின் மச்சினனை, ஹால் சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை, அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அப்படியேதான் இருந்தான். படகு மேடையைப் பார்வையிடும் பொறியாளர் அவன். வியாழக்கிழமை மாலை மேடை விழுந்ததிலிருந்து அவன் வீட்டு வாசலில் கேமராக்காரர்கள் கூடாரம் போடாத குறை. மனைவியையும் இரட்டைக் குழந்தைகளையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அக்கா வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டான்.

ஒருவரியார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல, அமைச்சர் அலுவலகம் வைத்த பெயர். அமைச்சருக்குத் தினமும் வரும் நூற்றுச்சொச்சம் கடிதங்களையும் படித்து, ஒவ்வொன்றையும் ஒரே வரியாக்கிப் பழுப்பு அட்டைப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. அமைச்சர் வரியைப் பார்ப்பார், பக்கத்தில் ஒரு சுழி போடுவார், கடிதம் பின்னறைக் கட்டுக்குப் போய்விடும். கணவனை இழந்தவள் ஆறு பக்கம் அழுதிருந்தால் 'உதவி கோருகிறார்'. ஊரே கூடித் திட்டியிருந்தால் 'ஆலோசனைகள் கூறியுள்ளனர்'. போதாததற்கு அமைச்சரின் அறிக்கைகளையும் அவரே எழுதினார். இருபத்திரண்டு வருஷம். அமைச்சருக்கு மனச்சாட்சி என்று ஒன்று இருந்தால் அது ஒருவரியாரின் கையெழுத்தில்தான் இருக்கும் என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள்.

"மாமா, மூணு மணிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க," என்றான் மச்சினன். கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"தெரியும் மாப்ளே."

"என்கிட்ட இருந்த நகல் மேடை ஆபீஸோட தண்ணிக்குள்ள போயிடுச்சு. உங்க ஆபீஸுக்கு வந்ததுதான் பாக்கி இருக்கிற ஒரே கடுதாசி. அது கிடைச்சா போதும். நான் சொன்னேனா இல்லையான்னு அதுவே சொல்லிடும்."

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அரசு மருத்துவமனையில் பதிவேடு எழுதுகிறவள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு காதில் மட்டும் தோடு போட்டிருந்தாள்.

"நாலு நாளா தேடறீங்க. அது என்ன கடுதாசியா, கடல்ல விழுந்த மோதிரமா?"

"பின்னறைல மூவாயிரம் கட்டு இருக்கும்மா."

"மூவாயிரம் கட்டுல எது எங்க இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்னு பீத்திப்பீங்களே, அது எந்த வீட்டுக்காரர்?"

ஒருவரியார் சிரித்து வைத்தார். எந்தக் கேள்விக்கும் பொருந்தக்கூடிய சிரிப்பு அது. ஆபீஸில் அதற்கு நல்ல மதிப்பு.

"அக்கா, அவரைப் போட்டு நோண்டாத," என்றான் தம்பி. "மாமா இருக்கும்போது எனக்கு என்ன பயம்?"

செருப்பை மாட்டும்போது ஒருவரியாருக்கு இடது கால் வலது செருப்புக்குள் போனது.

கடிதம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை, செய்தி வந்த பத்தாவது நிமிஷமே பின்னறைக்குப் போய்க் கட்டைப் பிரித்து அதை எடுத்துவிட்டார். நான்கு நாளாக அது அவருடைய மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய இரங்கல் செய்திகளுக்கு அடியில் படுத்திருக்கிறது.

*

அமைச்சர் அலுவலகத்தில் துக்கம் சீராக நடந்துகொண்டிருந்தது.

ஒன்பது குடும்பங்களுக்கும் அமைச்சர் ஆறுதல் சொல்லும் படங்கள் சுவரோரம் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. எட்டு வீட்டில் எந்தச் சிக்கலும் இல்லை. ஒன்பதாவது வீட்டில் கதவைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம்தான் தெருவில் நிற்பது? பக்கத்து வீட்டு அம்மாளின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த அம்மாளுக்கும் என்றைக்கோ யாரோ ஒருவர் இறந்துதானே இருப்பார்.

"வாங்க எழுத்தாளரே," என்றார் அமைச்சர். கண்ணுக்குக் கீழே நிஜமாகவே கருவளையம். நான்கு நாளாக அவரும் தூங்கவில்லை.

"வாங்க எழுத்தாளரே," என்றார் அவருடைய செயலாளர். அமைச்சர் எதைச் சொன்னாலும் அதன் வாலைப் பிடித்து இன்னொரு முறை சொல்வார். ஆபீஸில் அவருக்கு எதிரொலி என்று பெயர்.

பழுப்புப் பதிவேடு மேசையில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அமைச்சர் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"படிங்க."

ஒருவரியார் தன் கையெழுத்தைப் படித்தார். "'படகு மேடை, பராமரிப்பு தொடர்பாக. கவனிக்கத்தக்கது.'"

"இதைப் படிச்சா ஒரு மனுஷனுக்கு என்ன தோணும்? நீங்களே சொல்லுங்க. பெயின்ட் உரிஞ்சிருக்கும்னு தோணும். நானும் கவனிச்சேன். நீல பெயின்ட் அடிக்கச் சொன்னேன். ரிப்பன் கட்டித் திறந்து வச்சேன். கூட்டமா ஆள் ஏறாம இருக்க அந்தப் பொறியாளர் பையன் குறுக்க ஏதோ கயிறு கட்டியிருந்தானாம், விழாவுக்கு இடைஞ்சலா இருக்குன்னு அவுத்துட்டாங்க. மேடை விழும்னு எனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொன்னா?" என்றார் எதிரொலி.

இருபத்திரண்டு வருஷமாக அமைச்சரின் வாயில் ஒருவரியார் போட்ட சொற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் உண்மை என்று சொல்லத் தக்கவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. இன்றைக்கு அந்த மனுஷன் சுயமாக, எழுதிக் கொடுக்காமல், ஒரு முழு உண்மையைச் சொல்கிறார்: எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த உண்மையைத் தயாரித்துக் கொடுத்தவரும் ஒருவரியாரேதான்.

"அந்தப் பொறியாளர் உங்க வீட்டுப் பையன்தானே?"

"மனைவியோட தம்பி. நாங்கதான் வளர்த்தோம்."

"தெரியும்." அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "தெரியாம இருக்குமா எனக்கு?"

தெரியாமல் இருக்காது. ஒருவரியாரின் மனைவிக்குத் தலைப்பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை, தாயாவது பிழைப்பாளா என்று தெரியாமல் இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளும் மருத்துவமனை மர பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருந்தவர் இந்த மனுஷன். அப்போது அமைச்சரும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு போட்டோக்காரன்கூட இல்லை. பிறகு எத்தனையோ பொய்களை எழுதும்போது ஒருவரியார் அந்த பெஞ்சை நினைத்துக்கொண்டுதான் எழுதினார். அதற்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. பெற்றோரை இழந்து வந்து சேர்ந்த தம்பிதான் குழந்தை.

"ஒரு மணிச் செய்திக்கு அறிக்கை போகணும்," என்றார் அமைச்சர். "எச்சரிக்க வேண்டியவர் எச்சரிக்கலைன்னு. பேரு வேண்டாம். பையனை நான் பாத்துக்கறேன். ஆறு மாசம் வீட்டுல இருக்கட்டும், ஜனங்க மறந்துடுவாங்க, வேற இடத்துல போட்டுடறேன். என் வார்த்தை."

"அவன் கடிதம் எழுதினதா சொல்றான்..."

அமைச்சர் கையை உயர்த்தினார். "அப்படி ஒண்ணு இருந்தா எனக்குத் தெரிய வேண்டாம். இல்லைன்னாலும் தெரிய வேண்டாம். அது உங்க இலாகா."

"உங்க இலாகா," என்றார் எதிரொலி, பதிவேட்டை மூடியபடி.

ஒருவரியார் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அறிக்கை எழுத அவருக்குப் பதினோரு நிமிஷம் ஆனது. கை நடுங்கும், பேனா ஓடாது என்றெல்லாம் எதிர்பார்த்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. வாக்கியங்கள் பழகின மாடு மாதிரி தானாகவே தொழுவத்துக்கு வந்தன. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது நன்றாக வந்திருக்கிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதுதான் அவரை எழுந்து நிற்க வைத்தது.

தாளை எதிரொலியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, கீழ் இழுப்பறையைத் திறந்தார். கிழித்துவிடலாம் என்றுதான் கடிதத்தை எடுத்தார். இரண்டு தாள். மச்சினனின் கொத்துக் கொத்தான கையெழுத்து. பத்து வயதில் அதைத் திருத்துவதற்காக இவர் வாங்கிக் கொடுத்த நாலுகோடு நோட்டுகள் எத்தனை! கிழிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

*

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது தொலைக்காட்சியில் ஒரு மணிச் செய்தி போய்க்கொண்டிருந்தது. மனைவி பாதி வேலையில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள், தம்பியை விசாரணைக்கு அழைத்துப் போக.

"...சொற்கள் தோற்றுப்போகும் இடம் இது," என்றது அமைச்சரின் குரல். "ஒன்பது விளக்குகள் அணைந்தன. எச்சரிக்க வேண்டியவர் எச்சரித்திருந்தால் அவை இன்றும் எரிந்துகொண்டிருக்கும்..."

மச்சினன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "யாரோ தப்பா எழுதிக் கொடுத்திருக்காங்க மாமா. நீங்க இல்லாத நேரம் பாத்து எழுதியிருப்பாங்க. கடுதாசி கிடைச்சுட்டா இதை மாத்திடலாம், இல்ல?"

மனைவி தொலைக்காட்சியை அணைத்தாள்.

"யாரோ இல்லடா," என்றாள்.

"என்னக்கா?"

"'சொற்கள் தோற்றுப்போகும் இடம் இது.' நம்ம அப்பா செத்தப்போ கார்டு அடிக்க ஒரு வரி எழுதிக் கேட்டேன். இந்த வரிதான் எழுதிக் கொடுத்தாரு. நானும் எனக்குன்னே யோசிச்சு எழுதினதுன்னு நெனச்சு அதைப் பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன்." கணவனைப் பார்த்தாள். "ஏங்க, எல்லாருக்கும் ஒரே சரக்குதானா?"

ஒருவரியாரிடம் பொருத்தமான சிரிப்பு எதுவும் கைவசம் இல்லை. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மச்சினன் பாய்ந்து எடுத்தான். தன் கையெழுத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாக்கா? மாமா எடுத்துட்டு வந்துட்டாரு! அப்பவே சொன்னேன்ல?"

"எப்ப கிடைச்சுது?" என்றாள் அவள்.

"வியாழக்கிழமை."

"இன்னிக்குத் திங்கக்கிழமைங்க."

"உக்காரு. சொல்றேன். ரெண்டு பேரும் உக்காருங்க."

இருவரும் உட்காரவில்லை. அவரும் நின்றபடியே சொன்னார். கடிதம் வந்தது. முதல் பத்தியிலேயே 'மேடையை இன்றே மூடவும், மூடாவிட்டால் உயிர்ச்சேதம் நிச்சயம்' என்று இருந்தது. அதைப் படித்தார். படித்துவிட்டுப் பதிவேட்டில் 'பராமரிப்பு தொடர்பாக, கவனிக்கத்தக்கது' என்று எழுதினார்.

"ஏன் மாமா?"

"ஆபத்துங்கற வார்த்தை அவர் மேசைக்கு வரக்கூடாது மாப்ளே. அது உனக்குத் தெரியாது. உனக்கு முன்னாடி இருந்த பொறியாளர் அப்படி ஒரு கடுதாசி எழுதினாரு. நானும் உள்ளது உள்ளபடி ஒரு வரி போட்டேன். என்ன ஆச்சு? பீதி கிளப்பறான்னு அவரைத் தீவுல இருக்கிற கலங்கரை விளக்கத்துக்குத் தூக்கி அடிச்சாங்க. இன்னும் அங்கதான் இருக்காரு. உனக்குக் குழந்தைங்க பொறந்து மூணு மாசம். உன் பேரு அவர் கண்ணுல அப்படிப் படக்கூடாதுன்னுதான்... மெதுவா, நல்ல நேரம் பாத்து, நானே வாயால சொல்லலாம்னு இருந்தேன். விழா வந்துச்சு. அப்புறம் வேற வேலை வந்துச்சு."

"எனக்காகவா மாமா?" என்றான் மச்சினன்.

அவர் தலையசைத்தார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, இதே இடத்துல வச்சுக் கேட்டேனே, கடுதாசி என்னாச்சுன்னு. மேல போயிருக்கு மாப்ளே, நல்லபடியா ஆகும்னு சொன்னீங்களே. அதை நம்பித்தானே நான் இன்னொண்ணு எழுதல." அவன் குரல் உயரவே இல்லை. "நான் கலங்கரை விளக்கத்துக்கே போயிருப்பேனே மாமா. ரெண்டு புள்ளைங்களையும் தூக்கிக்கிட்டு சந்தோஷமா போயிருப்பேன். அங்க காத்து நல்லா வரும்னு சொல்வாங்க."

கடிதத்தை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்து மேசையில் வைத்துவிட்டு, முகம் கழுவ உள்ளே போனான்.

மனைவி மறு காதுத் தோட்டை எடுத்துப் போட முயன்றாள். துளை அகப்படவில்லை. விட்டுவிட்டாள்.

"அன்னிக்கு ஒன்பது பேரையும் நான்தான் எழுதினேன்," என்றாள். "பேரு, அப்பா பேரு, வயசு, விலாசம், கையில என்ன இருந்துச்சு, எல்லாம். கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்கியிருப்பாங்க போல, நகக்கண்ணுல நீல பெயின்ட் சில்லு. அதையும் எழுதினேன். ஒரு குழந்தைக்கு மட்டும் அரைப் பக்கம் ஆச்சு. எங்க ஆபீஸ்ல சுருக்கறதுக்குன்னு ஆள் வைக்கலைங்க."

"அவனைக் காப்பாத்தணும்னுதான்மா..."

"தெரியும். அதனாலதான் உங்களை என்ன திட்டறதுன்னு தெரியல."

*

விசாரணை பழைய சுங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். மின்தூக்கி வேலை செய்யவில்லை. 'விரைவில் சரிசெய்யப்படும்' என்ற பலகை மட்டும் புதிதாக இருந்தது. அந்த வாசகமும் ஒருவரியார் எழுதியதுதான்.

தாழ்வாரத்தின் நீள பெஞ்சுகளில் இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் வந்திருந்தார்கள். அவர்களைக் கடக்கும்போது மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். வழியில் அவன் கடிதத்தைக் கேட்கவே இல்லை. அவன் மேசையில் விட்டுப்போன அதை ஒருவரியார்தான் எடுத்துத் திரும்பவும் சட்டைப் பையில் வைத்திருந்தார். கூப்பிடும்போது கேட்பான், கொடுத்துவிடலாம் என்று இருந்தார். கொடுத்தால் வேலை போகும், ஒன்பது உயிருக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

விசாரணை அதிகாரி ஓய்வு பெற்ற நீதிபதி. முன்னால் தண்ணீர் ஜாடி, அதற்கு அப்பால் பழுப்புப் பதிவேடு. பின் வரிசையில் எதிரொலி கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தார்.

"மேடை பலவீனமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. மேற்குப் பக்கம் நாலாவது, அஞ்சாவது அடித்தூண். உள்ளே அரிச்சிருந்தது. பதினேழு போல்ட்ல ஆறு கழண்டு போச்சு."

"அதை எழுத்து மூலமா அமைச்சர் அலுவலகத்துக்குத் தெரிவிச்சீங்களா?"

மச்சினன் திரும்பி ஒருவரியாரைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவனுடைய கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒருவரியாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரிவிச்சதா எனக்கு ஞாபகம் இல்லைங்க," என்றான்.

எத்தனை போல்ட் கழன்றது என்று எண்ணிச் சொல்கிறவன் சொல்லக்கூடிய வாக்கியமா அது? அந்த வாக்கியம் அவனுடையதே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ விசாரணைக் கமிஷன்களுக்கு எத்தனையோ பெரிய மனிதர்களின் பேரில் ஒருவரியார் எழுதிக் கொடுத்த வாக்கியம். வீட்டில் அதைச் சொல்லிக் காட்டி, "ஞாபகம் இல்லைன்னுட்டா பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல" என்று டீ குடித்தபடி சிரித்திருக்கிறார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, முதல் பொய்யை வளர்த்தவரிடமிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் வளர்த்தவருக்காக.

எதிரொலி திருப்தியாகக் கைப்பேசியில் ஏதோ தட்டினார். நீதிபதி எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

"எழுதினான்," என்றது ஒரு குரல். ஒருவரியார் எழுந்து நின்றிருந்தார்.

"நீங்க யாரு?"

"அந்தப் பதிவேட்டை எழுதறவன். கடிதம் இருக்கு." பையிலிருந்து எடுத்தார். இப்போது கை நடுங்கியது.

"மாமா, உக்காருங்க!" என்றான் மச்சினன். "சார், அவருக்கு உடம்பு சரியில்லை..."

"நீ சும்மா இருடா."

நீதிபதி கடிதத்தை வாங்கிப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கொத்துக் கையெழுத்து அவருக்கும் பிடிபடவில்லை. "நீங்களே படிங்க. பதிவாகட்டும்."

ஒருவரியார் படித்தார். முதல் தாள் பழகியதுதான். இரண்டாம் தாளுக்குத் திருப்பியபோதுதான் அவருக்கு உறைத்தது: இதை அவர் படித்ததே இல்லை. முதல் பத்தியிலேயே ஒரு வரி கிடைத்துவிட்டால் அடுத்த தாளுக்குப் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நான்கு நாள் இழுப்பறையில் வைத்திருந்தபோதும் திருப்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"'மேடையை மூட எனக்கு அதிகாரம் இல்லை. உத்தரவு வரும்வரை காலைப் படகுக்கும் மாலைப் படகுக்கும் நானே மேடையில் நின்று, இருபது இருபது பேராகப் பிரித்து அனுப்பி வருகிறேன். எனக்கு வேறு வேலை வந்து நான் இல்லாமல் போகும் நாளில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. தயவுசெய்து...'"

அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. வியாழக்கிழமை மாலை அவன் மேடையில் இல்லை. இரண்டாவது மேடைக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று கலந்து பேசத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அழைப்புக் கடிதத்தையும் எழுதியது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மீதியை மச்சினனே மனப்பாடமாகச் சொன்னான். நாற்காலியில் உட்கார்ந்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு. "'தயவுசெய்து இதை அவசரமாகக் கருதவும்.' அவ்வளவுதாங்க."

நீதிபதி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துத் தேதியைத் தேடினார். விரல் ஒரு வரியில் நின்றது. நிமிர்ந்து ஒருவரியாரைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"இப்படி எழுதச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

இங்கே ஒரு வாசல் திறந்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், பாரம் பாதியாகிவிடும். பின் வரிசையில் கைப்பேசி தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"யாரும் சொல்லலைங்க," என்றார். "சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்குப் பழகிட்டேன்."

*

விசாரணை மறுநாளைக்குத் தள்ளி வைக்கப்பட்டது. எதிரொலி எல்லோருக்கும் முந்திக்கொண்டு, காதில் கைப்பேசியோடு படியிறங்கி ஓடினார்.

மாடிப்படிக்கு வந்ததும் மச்சினன் நின்றான்.

"நான் உங்களைக் காப்பாத்திடலாம்னு பாத்தேன் மாமா."

"தெரியும்டா."

"நீங்களும் அப்படித்தானே பாத்தீங்க." தன் தோளைத் தொட வந்த ஒருவரியாரின் கையிலிருந்து மெல்ல விலகிக்கொண்டான். "நான் புள்ளைங்களைப் போய்ப் பாத்துட்டு வரேன்." அக்காவிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் போனான். அவன் இறங்கும் ஓசை மூன்று மாடிக்கும் கேட்டது.

மனைவி தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் போகலாமா என்று ஒருவரியார் யோசித்தார். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"உக்காருங்க சார். நின்னுக்கிட்டே இருக்கீங்களே," என்று ஒரு குரல் கேட்டது.

பெஞ்சில் ஒரு அம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். ஐம்பது வயதிருக்கும். ஆலையில் வேலை செய்கிறவள், சீருடையோடு நேராக வந்திருந்தாள். மடியில் ஒரு பள்ளிக்கூடப் பை. புதிதாகத் துவைத்திருந்தும் ஆற்றுச் சேறு முழுசாகப் போகவில்லை. ஒருவரியார் உட்கார்ந்தார்.

எதிர் பெஞ்சில் யாரோ ஒருவர் கைப்பேசியில் செய்தியைச் சத்தமாக வைத்தார்.

"...சற்று முன் வந்த அமைச்சர் அலுவலக அறிக்கை. எச்சரிக்கைக் கடிதத்தை அமைச்சரின் பார்வைக்கு வராமல் மறைத்த அலுவலக ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டுள்ளார். ஆழ்ந்த வருத்தத்துடனும் ஆழ்ந்த அதிர்ச்சியுடனும் ஆழ்ந்த..."

எதிரொலியின் நடை. படியிறங்குவதற்குள் எழுதியிருக்கிறார். மூன்று 'ஆழ்ந்த' எதற்கு, ஒன்று போதுமே என்று ஒருவரியாரின் மனசு பழக்கதோஷத்தில் திருத்தியது.

தாழ்வாரம் முழுக்கச் சலசலப்பு. ஒருவர் சுவரில் ஓங்கிக் குத்தினார். பக்கத்தில் இருந்த அம்மாள் மட்டும் சத்தம் போடவில்லை. பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க உள்ளே இருந்துதானே சார் வந்தீங்க?"

"ஆமாம்மா."

"அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

தூணில் சாய்ந்திருந்த மனைவி நிமிர்ந்தாள். அந்தப் பையை அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை அதைப் பதிவேட்டில் எழுதியவள் அவள்தான்.

"தெரியும்மா," என்றார் ஒருவரியார். "உங்களுக்கு நேரம் இருக்கா? கொஞ்சம் நீளமா சொல்லணும்."

"எனக்கென்ன சார்," என்றாள் அவள். "வீட்டுக்குப் போய் யாருக்கு என்ன செய்யப் போறேன்? சொல்லுங்க."